பந்து எந்தச் சில்லில் இருக்கிறது?

அன்புள்ள தம்பி,

பாங் விளையாட்டின் சுற்றுப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "பந்து இருக்கும் இடத்தை எந்தச் சில்லு ஞாபகம் வைத்திருக்கிறது அண்ணா?" என்று கேட்டிருந்தாய். எதுவுமே இல்லை. 1972-இல் அட்டாரிக்காக ஆலன் ஆல்கார்ன் வடிவமைத்த அந்தப் பலகையில் நுண்செயலி கிடையாது, நினைவகச் சில்லு கிடையாது, ஒரு வரி நிரல்கூடக் கிடையாது. அறுபத்துச் சொச்சம் டி.டி.எல். சில்லுகள்தான்: கேட், ஃபிளிப்-ஃபிளாப், கவுண்டர். நிரல் எழுதிப் பழகிய கண்ணோடு உட்கார்ந்தால் அதில் வழி தெரியாது. இடத்தைத் தேடாதே, நேரத்தைத் தேடு.

14.318 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பு பாதியாக்கப்பட்டு ஒரு கவுண்டருக்குப் போகிறது. 455 துடிப்பு எண்ணினால் டி.வி.யில் ஒரு கோடு முடியும். 262 கோடு முடிந்தால் ஒரு திரை. விநாடிக்கு ஏறக்குறைய 60 திரை. மின்கற்றை இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை இந்த இரண்டு கவுண்டர்களும் எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கும். நடு வலையைப் பார். கிடைக் கவுண்டர் 256-ஐத் தொடும்போது வெள்ளை. செங்குத்துக் கவுண்டரின் ஒரு பிட் நான்கு கோட்டுக்கு ஒருமுறை அதை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. வலை அவ்வளவுதான்.

இனி பந்து. அதற்கென்று தனியாக இரண்டு கவுண்டர்கள், கிடைக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று. அவை முழுச் சுற்று முடிக்கும் நேரத்தில் பந்து ஒளிரும். சுற்றின் நீளம் திரையின் நீளத்தோடு சரியாகப் பொருந்தினால் பந்து நின்ற இடத்திலேயே நிற்கும். கவுண்டரில் தொடக்கமாக ஏற்றும் எண்ணைச் சற்றே மாற்றினால், தினமும் ஒரு நிமிடம் பிந்தும் கடிகாரம்போல, ஒவ்வொரு திரையிலும் பந்து கொஞ்சம் தள்ளித் தோன்றும். நமக்கு அது ஓட்டமாகத் தெரிகிறது. ஆக, பலகையில் மாற்றப்படுவது வேகம் மட்டுமே. இடம் தானாக விளைகிறது. முந்தைய ஆண்டு வந்த கம்ப்யூட்டர் ஸ்பேஸ் என்ற ஆட்டத்திலும் நோலன் புஷ்னெல் இந்த உத்தியைத்தான் கையாண்டார். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதே. பென்சிலால் ஐந்தாறு திரைகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்.

மட்டையை ஒரு 555 டைமர் கவனித்துக்கொள்கிறது. குமிழைத் திருப்பினால் மின்தடை மாறும். டைமர் ஓய எடுக்கும் நேரம் நீளும் அல்லது குறுகும். அது ஓய்ந்த கோட்டிலிருந்து மட்டை கீழே இறங்கும். மட்டை எட்டுத் துண்டுகள். எந்தத் துண்டில் பந்து படுகிறதோ, அதற்கேற்பச் செங்குத்து வேகம் மாறும். பட்டதா என்று அறிய ஒரு கேட் போதும்: பந்தின் சிக்னலும் மட்டையின் சிக்னலும் ஒரே கணத்தில் உயர்ந்தால் அடி விழுந்தது. எனக்கு இந்தப் பலகையிலேயே மிகப் பிடித்த இடம் இது.

டைமர் சுற்றில் ஒரு குறை உண்டு. மட்டை திரையின் உச்சிவரை போகாது. திறமைசாலிகள் இருவர் முடிவில்லாமல் ஆடிக்கொண்டிருப்பதை அது தடுக்கிறது என்று ஆல்கார்ன் அப்படியே விட்டுவிட்டார். நல்ல முடிவு. மறுஉருவாக்கம் செய்யும்போது நீயும் அதைத் திருத்திவிடாதே. ஒலியும் அப்படித்தான். புதிதாக எதுவும் கட்டாமல், கவுண்டரில் ஏற்கெனவே இருந்த சிக்னல்களையே எடுத்து ஒலிபெருக்கிக்கு விட்டார்.

எமுலேட்டரில் தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இந்த ஆட்டத்துக்கு ரோம் கோப்பே இல்லை. முழுச் சுற்றையும் கேட் கேட்டாகக் கணினியில் நடத்தியாக வேண்டும். அதைவிட, கிடைக் கவுண்டரைப் பிரெட்போர்டில் கட்டி ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார். ஐந்து வோல்ட் பலகை உன்னை ஒன்றும் செய்யாது. ஆனால் பழைய படக்குழாய் டி.வி.யின் பின்மூடியை மட்டும் தனியாகத் திறக்காதே; சுவிட்சை அணைத்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும்.

பாங் கைவந்ததும் 1975-இல் வந்த கன் ஃபைட்டுக்குப் போ. ஜப்பானில் டைட்டோ நிறுவனம் சில்லுகளாலேயே கட்டிய அந்த ஆட்டத்தை அமெரிக்காவில் மிட்வே, இன்டெல் 8080 நுண்செயலியை வைத்து வேறு விதமாகச் செய்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படி. அதற்கு முன், ஒரு கோட்டுக்கான நேரப்படத்தைக் கையால் வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்