பண்ணை விருந்து: கைக்கு அடக்கமான செலவில் 11 குறிப்புகள்

குழந்தையின் பிறந்தநாளுக்குப் ‘பண்ணை’ என்று தீம் வைத்தால், மாட்டு முக கேக், டிராக்டர் பிஸ்கட் என்று ஆர்டர் கொடுக்கத் தோன்றும். அந்தச் செலவு தேவையே இல்லை. நிலத்தில் விளைவதை வேகவைத்து, தாளித்து, கூடையிலும் முறத்திலும் பரப்பி வைத்தாலே அது பண்ணை விருந்துதான். வயிற்றுக்கும் நல்லது. இங்கே உள்ள அளவுகள், பெரியவர்களும் குழந்தைகளுமாக 25 பேருக்கான மாலைச் சிற்றுண்டிக்கு.

1. பருவத்தைப் பார்த்து மெனு போடுங்கள். தை, மாசி என்றால் பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பச்சை மொச்சை. சித்திரை, வைகாசி என்றால் நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய். எது மலிந்து கிடக்கிறதோ அதுதான் விலை குறைவு, ருசியும் அதிகம்.

2. உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் விளைவித்தவர்களே விற்பதால் காய் புதிதாகக் கிடைக்கும். கேரட், முள்ளங்கியைத் தழையோடு கேட்டு வாங்குங்கள். மேசை அலங்காரத்துக்குத் தனியாகப் பூ வாங்க வேண்டாம்.

3. விருந்தின் நாயகன் அவித்த கடலை. பச்சை நிலக்கடலை 3 கிலோ வாங்கி, மண் போக நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். கல் உப்பு தாராளமாகப் போட்டு, குக்கரில் நான்கு விசில் விடுங்கள். வெந்ததும் வடித்துவிடாமல் அரை மணி நேரம் அந்த உப்புத் தண்ணீரிலேயே கிடக்கட்டும். அப்போதுதான் ஓட்டைத் தாண்டிப் பருப்பில் உப்பு ஏறும். காய்ந்த கடலை என்றால் முந்தின இரவே ஊறவைத்து, இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.

4. கொண்டைக்கடலை 1 கிலோ ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். 25 பேருக்குத் தாராளம். தேங்காய்த் துருவலைத் தாளிப்போடு வதக்காமல், பரிமாறும்போது மேலாகத் தூவுங்கள். சுண்டல் சீக்கிரம் ஊசாது.

5. கேக்குக்குப் பதில் ஒரு ‘வயல்’ செய்யலாம். முக்கால் கிலோ கேழ்வரகு மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவைத்து, வெல்லத்தூள், தேங்காய், கொஞ்சம் நெய் சேர்த்து அகலத் தட்டில் பரப்புங்கள். செம்மண் போலவே இருக்கும். கரண்டிக் காம்பால் உழவுச் சால் இழுத்து, புதினாக் கொழுந்தையும் விரல் நீளக் கேரட் துண்டுகளையும் வரிசையாக நட்டுவிடுங்கள். குழந்தைகளே பிடுங்கித் தின்னட்டும்.

6. வாழைப்பழத்தைச் சீப்பாக வாங்காமல் சின்னத் தாராக வாங்குங்கள், விலையும் குறையும். இரண்டு நாள் முன்பே முக்கால் பழமாக வாங்கி, எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் வேண்டியவர்கள் பறித்துக்கொள்வார்கள்.

7. பாட்டில் குளிர்பானம் வேண்டாம். 1 லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு சேர்த்தால் எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் நீர்மோர். மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி வையுங்கள். ஐஸ் இல்லாமலே குளிரும்.

8. ராத்திரிச் சாப்பாடும் போடுவதாக இருந்தால் தயிர்சாதம், மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய் போதும். சாதத்தைக் குழைய வடித்து, முதலில் காய்ச்சிய பால் விட்டுப் பிசைந்து, ஆறிய பிறகு கொஞ்சமாகத் தயிர் சேருங்கள். பரிமாறும் நேரத்தில் புளிக்காமல் பதமாக இருக்கும்.

9. பாக்குமட்டைத் தட்டு, வாழையிலைத் துண்டு, ஓலைக்கொட்டான் ஆகியவற்றில் பரிமாறுங்கள். முறத்தில் வைப்பதென்றால் முதலில் இலை விரியுங்கள். வைக்கோலை அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள். அதில் தூசு இருக்கும், உணவு அதன் மேல் படக்கூடாது.

10. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கடலை, முழுச் சுண்டல் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு தனியாக இருக்கட்டும். நிலக்கடலை ஒவ்வாத குழந்தை யாராவது உண்டா என்று அழைக்கும்போதே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். ஒருவர் இருந்தாலும் அவித்த கடலையை மெனுவிலிருந்து எடுத்துவிட்டு, கிழங்கைக் கூடுதலாக வேகவையுங்கள்.

11. ஒவ்வொரு உணவின் அருகிலும் அது விளைந்த பயிரைக் கொஞ்சம் வையுங்கள்: வேரோடு ஒரு கடலைச் செடி, ஒரு கேழ்வரகுக் கதிர். கடலை மண்ணுக்கடியில் காய்க்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளை, தட்டில் இருப்பதை வீணாக்க யோசிக்கும். பண்ணை என்று தீம் வைத்ததற்கு அதைவிட நல்ல பலன் வேறில்லை.