பாதியில் நின்ற குழல்

இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் முன்புறம் மேடாகத் தட்டுப்படும் குரல்வளைமீது விரலை மெல்ல வைத்துக்கொண்டு விழுங்குங்கள். குரல்வளை சட்டென்று மேலேறி மீண்டும் கீழிறங்குகிறதல்லவா? அந்த ஒரு நொடியில் மூச்சுக் குழலின் வாயில் மூடிக்கொண்டது. தண்ணீர் அதற்குப் பின்புறமாக உள்ள உணவுக் குழலுக்குள் இறங்கியது.

உணவுக் குழல் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 25 செ.மீ. நீளம் இருக்கும். பிறந்த குழந்தைக்கோ 10 செ.மீ. அளவுதான். இது தண்ணீர்க் குழாயைப் போல வெறும் குழாயன்று. பழைய சைக்கிள் டியூப் ஒன்றில் ஒரு கோலிக்குண்டைப் போட்டு, அதற்குப் பின்னால் விரல்களால் பிதுக்கிப் பிதுக்கித் தள்ளினால் குண்டு முன்னேறிச் செல்லும். உணவுக் குழலின் தசைகள் செய்வதும் அதுதான். மேலிருந்து கீழாக ஒரு சுருக்க அலை ஓடுகிறது. அந்த அலை உணவுக் கவளத்தை இரைப்பை வரை தள்ளிக்கொண்டு போகிறது. ஆகையால் தலைகீழாக நின்றுகொண்டு விழுங்கினாலும் உணவு இரைப்பையைச் சென்றடையும். (இதையும் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்!)

இந்தக் குழல் பாதி வழியில் நின்றுபோனால் என்ன ஆகும்?

அப்படியும் குழந்தைகள் பிறக்கின்றன. ஏறக்குறைய 2,500 முதல் 4,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் உலகெங்கும் காணப்படும் பிறவிக் குறை இது. உணவுக் குழல் தொண்டையிலிருந்து புறப்பட்டு, மார்புக்குள் கொஞ்ச தூரம் இறங்கி, அடி மூடிய பை போல முடிந்துவிடும். இதற்கு மருத்துவர்கள் ஈசாஃபேஜியல் அட்ரீசியா என்று பெயரிட்டுள்ளனர். அட்ரீசியா என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. துளையில்லாமை என்பது அதன் பொருள். நாம் 'உணவுக் குழல் துளையின்மை' என்று சொல்லலாம்.

ஒரு குழல் இரண்டாகும் கதை

கரு உருவான நான்காவது வாரத்தில் அதன் நீளம் ஓர் அரிசியின் அளவைத் தாண்டாது. அப்போது அதற்குத் தனித்தனியாக உணவுக் குழலும் கிடையாது, மூச்சுக் குழலும் கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு குழல்தான் உண்டு. அந்தக் குழலின் முன்பக்கத்தில் ஒரு மொட்டு அரும்புகிறது. அதுதான் பிற்காலத்தில் நுரையீரலாகப் போகிறது. பிறகு சில நாட்களுக்குள் அந்தப் பொதுக் குழல் நீளவாக்கில் இரண்டாகப் பிரிகிறது. முன்பாதி மூச்சுக் குழல். பின்பாதி உணவுக் குழல்.

முன்பக்கச் செல்களுக்கும் பின்பக்கச் செல்களுக்கும் தாம் எதுவாக வேண்டும் என்பது எப்படித் தெரிகிறது? இரண்டு ஜீன்கள் இதில் பெரும் பங்கு கொள்கின்றன. பின்பக்கத்தில் சாக்ஸ்-2 என்ற ஜீனும், முன்பக்கத்தில் என்கேஎக்ஸ்-2.1 என்ற ஜீனும் மிகுதியாகச் செயல்படுகின்றன. ஒன்று மேலோங்கும் இடத்தில் மற்றொன்று அடங்கிவிடும். என்கேஎக்ஸ்-2.1 ஜீன் நீக்கப்பட்ட எலிக் கருக்களில் இரண்டு குழல்களும் சரியாகப் பிரியாமல் ஒட்டியே இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர்.

ஆனால், பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குறிப்பிட்ட காரணம் எதையும் காட்ட முடிவதில்லை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். குறையுள்ள குழந்தை பிறந்தால், கிரகணத்தன்று வெளியே வந்தாள், ஆகாததைத் தின்றாள் என்று தாயின்மேல் பழி போடும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. இந்தக் குழல் பிரியும் நாட்களில், தான் கருவுற்றிருப்பதே பல தாய்மார்களுக்குத் தெரிந்திராது!

வயிற்றில் காற்று எப்படி வந்தது?

இனி உங்களுக்கு ஒரு புதிர். குழந்தை பிறந்து சில மணி நேரம் ஆகிறது. வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வழிகிறது. துடைக்கத் துடைக்க மீண்டும் வருகிறது. முதல் பால் கொடுத்ததும் குழந்தை இருமித் திணறி, உதடு நீலமாகிறது. செவிலியர் மெல்லிய குழாய் ஒன்றை வாய் வழியாக இரைப்பைக்குச் செலுத்திப் பார்க்கிறார். சுமார் 10 செ.மீ. சென்றதும் அது மேற்கொண்டு போக மறுக்கிறது. எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கிறார்கள். குழாய் மார்பின் மேற்பகுதியில் சுருண்டு கிடப்பது தெரிகிறது. வழி அடைபட்டிருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது.

ஆனால் அதே படத்தில் இரைப்பையிலும் குடலிலும் கறுப்புத் திட்டுகளாகக் காற்று தெரிகிறது. வாய்க்கும் இரைப்பைக்கும் வழியே இல்லாதபோது காற்று எந்த வழியாகப் போயிற்று? அடுத்த வரியைப் படிக்காமல் சற்று யோசியுங்கள்.

விடை இதுதான்: மூச்சுக் குழல் வழியாக! இரண்டு குழல்களும் ஒரே குழலிலிருந்து பிரிந்தவை என்று பார்த்தோமல்லவா? பிரிவு முழுமையடையாததால், உணவுக் குழலின் கீழ்ப்பாதி மூச்சுக் குழலோடு ஒட்டிக்கொண்டு அதனுள் திறக்கிறது. இத்தகைய வேண்டாத இணைப்பை ஃபிஸ்டுலா என்பர். இக்குறையுள்ள குழந்தைகளில் சுமார் 85 விழுக்காட்டினர் இந்த வகைதான். படத்தில் வயிற்றுப் பகுதியில் காற்றே இல்லையென்றால், கீழ்ப்பாதிக்கு இத்தகைய இணைப்பு இல்லை என்று மருத்துவர் ஊகிப்பார். அவ்வகையில் பெரும்பாலும் இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகவும் நீண்டிருக்கும். இப்படி ஒரே படத்தில் குறை என்ன, அது எந்த வகை என்ற இரண்டும் தெரிந்துவிடுகின்றன.

இணைப்பு இருப்பது, பாதையே இல்லாததைவிட ஆபத்தானது. குழந்தை அழும்போதெல்லாம் காற்று இரைப்பைக்குள் ஏறி வயிறு உப்பும். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சைத் தடுக்கும். அதே வழியில் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மேலேறி நுரையீரலுக்குள் புகும். பாலால் வருவதைவிட மோசமான நிமோனியா இதனால் வரும்.

ஆகவே, பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைக்கும் 'சேனை' வழக்கத்தை மருத்துவர்கள் கண்டிப்பதில் நியாயம் இருக்கிறது. எந்தக் குழந்தைக்கும் அது தேவையில்லை. எச்சில் வழியும் குழந்தைக்கோ ஒரு சங்கு சர்க்கரைத் தண்ணீர் உயிருக்கே உலை வைத்துவிடும்.

சில சமயம் பிறப்பதற்கு முன்பே குறிப்புக் கிடைக்கும். கருவிலுள்ள குழந்தை பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. கடைசி மாதங்களில் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல்! விழுங்க வழியில்லாவிட்டால் நீர் மிகுந்து தாயின் வயிறு அளவுக்கு மீறிப் பெருக்கும். ஸ்கேன் செய்பவர் இதைக் கண்டு ஐயுறலாம். ஆனால் இது எல்லாக் குழந்தைகளிடத்தும் தெரிவதில்லை.

270 ஆண்டுக் காத்திருப்பு

1670-இல் இங்கிலாந்தில் வில்லியம் டர்ஸ்டன் என்பவர், ஒட்டிப் பிறந்த இரட்டையரில் ஒன்றுக்கு உணவுக் குழல் முட்டி நின்றதைப் பதிவு செய்தார். 1697-இல் தாமஸ் கிப்சன் என்ற மருத்துவர், மூச்சுக் குழலோடு இணைந்த வகையைத் தெளிவாக விவரித்து எழுதினார். நோய் இன்னதென்று அன்றே தெரிந்துவிட்டது. செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. 1888-இல் லண்டனில் சார்லஸ் ஸ்டீல் அறுவை செய்து பார்த்தார், குழந்தை பிழைக்கவில்லை. மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். மயக்க நிலையில் நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தும் நுட்பமும், இரத்தம் செலுத்தும் முறையும், கிருமிகளை அடக்கும் மருந்துகளும் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1939 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. மினசோட்டாவில் லெவன், பாஸ்டனில் லாட் ஆகிய இரு அறுவை மருத்துவர்கள், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல், ஒரு நாள் இடைவெளியில் சிகிச்சையைத் தொடங்கினர். இருவருடைய குழந்தைகளும் பிழைத்தன. அவர்கள் இரு முனைகளையும் நேராக இணைக்கவில்லை. வயிற்றில் துளையிட்டு அதன் வழியே பால் ஊட்டினர். மேல் முனையைக் கழுத்தில் வெளியே திறந்து வைத்தனர். பின்னாளில் படிப்படியாக மாற்றுக் குழல் அமைக்கப்பட்டது.

இரு முனைகளையும் நேரடியாகத் தைத்து முதல் வெற்றி கண்டவர் காமரன் ஹைட். 1941 மார்ச் 15-ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், பிறந்து 12 நாட்களே ஆன பெண் குழந்தைக்கு அவர் இதைச் செய்தார். தையலில் கசிவு வந்தது, தானே ஆறியது. பிறகு குழல் சுருங்கியது, அதை விரித்துவிட்டார்கள். அந்தக் குழந்தை மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போனபோது 20 மாதங்கள் கடந்திருந்தன. வெற்றிக்குப் பின்னால் எத்தனை பொறுமை பாருங்கள்!

இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் இக்குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கின்றனர். குழந்தையைத் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைத்து, மேல் பையில் தேங்கும் எச்சிலைக் குழாயால் இடைவிடாமல் உறிஞ்சி எடுப்பார்கள். சுமார் பாதிப் பேருக்கு இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், மலவாய் போன்ற உறுப்புகளிலும் குறை இருக்கும் என்பதால் அவற்றையும் சோதிப்பார்கள். பிறகு, பெரும்பாலும் பிறந்த சில நாட்களுக்குள், வலப்புற விலா எலும்புகளுக்கிடையே மார்பைத் திறப்பார்கள். மூச்சுக் குழலோடுள்ள இணைப்பைத் துண்டித்து மூடி, இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழலில் மயிரிழை போன்ற நூலால் போடும் தையல் அது.

இடைவெளி நீளமாக இருந்தால் முனைகள் எட்டாது. சில வாரங்களோ மாதங்களோ காத்திருந்தால் அவை தாமே வளர்ந்து நெருங்கிவருவதுண்டு. 1997-இல் ஜான் ஃபோக்கர் என்பவர், முனைகளில் நூல் கட்டி மெல்ல இழுத்துவைத்தால் அவை விரைவாக நீளும் என்று காட்டினார். கழுத்தில் திறப்பு வைக்கப்பட்ட குழந்தைக்கு ஒரு வேடிக்கையான உணவூட்டல் உண்டு. வாயில் கொடுக்கும் பால் கழுத்து வழியே துணியில் வந்துவிடும். உண்மையான பால் அதே நேரத்தில் வயிற்றுக் குழாயில் போகும். வீண் வேலை என்று எண்ணாதீர்கள். விழுங்கினால் பசி ஆறும் என்ற பாடத்தைக் குழந்தை அந்த மாதங்களில் கற்காமல் போனால், பிறகு கற்பிப்பது மிகக் கடினம்.

தைத்த பிறகு

தைத்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். காப்பாற்றப்பட்ட குழந்தைகள் வளர வளரத்தான் மற்றவை தெரியவந்தன.

முதலாவது தழும்பு. காயம் ஆறிய இடம் சுருங்குவது இயல்பு. கணக்கில் படித்ததை நினைவுகூருங்கள்: வட்டத்தின் ஆரம் பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும். பால் குடிக்கும்வரை இடைஞ்சல் தெரியாத குழந்தை, சோறு உண்ணத் தொடங்கியதும் விக்கித் திணறுவது இதனால்தான். பலூன் பொருத்திய குழாயை உள்ளே செலுத்தி, அந்த இடத்தில் பலூனை ஊதி விரிப்பார்கள். சிலருக்குப் பலமுறை இப்படிச் செய்யவேண்டியிருக்கும்.

இரண்டாவது, நாம் சைக்கிள் டியூபில் பார்த்த அந்த அலை. இவர்களுடைய உணவுக் குழலின் நரம்புகள் கருவிலேயே சரிவர அமையவில்லை. அலை தையல் வரை வந்து தடுமாறும். இவர்களுக்கு உணவை இறக்குவது பெரும்பாலும் புவியீர்ப்பும் தண்ணீரும்தான். ஆகையால் சாம்பாரில் ஊறிய இட்லி எளிதாக இறங்கும். உலர்ந்த ரொட்டியும், இறைச்சித் துண்டும், தோலோடு கடித்த ஆப்பிளும் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, இரைப்பை அமிலம் மேலேறுவது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தை முதல் ஓராண்டு கொடுப்பது வழக்கம். ஆண்டுக்கணக்கில் அமிலம் படுமானால் குழலின் உட்புறச் செல்கள் மாறிவிடும். மிகச் சிலருக்கு அது பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். நெஞ்செரிச்சல் இல்லாதவரிடமும் இந்த மாற்றம் காணப்படுவதால், அறிகுறியை நம்பியிருக்க முடியாது. 2016-இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறையில், குழந்தைப் பருவத்துக்குள் மூன்று முறை உள்நோக்கிக் கருவியால் பார்க்கவேண்டும் என்று கூறப்பட்டுள்ளது: அமில மருந்தை நிறுத்திய பின் ஒருமுறை, 10 வயதுக்குள் ஒருமுறை, பெரியவர்களின் மருத்துவரிடம் மாறும்போது ஒருமுறை. அதன் பிறகும் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். நன்றாக இருக்கிறோமே, எதற்கு வீண் செலவு என்று இருபது வயதில் நின்றுவிடுபவர்களே மிகுதி என்பதுதான் வருத்தம்.

இருமலைப் பற்றியும் சொல்லவேண்டும். மூச்சுக் குழலைத் திறந்தே வைத்திருப்பவை 'சி' எழுத்து வடிவக் குருத்தெலும்பு வளையங்கள். இக்குழந்தைகளுக்கு வளையங்கள் வலுவற்றிருக்கும். மூச்சு விடும்போது குழலின் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டு அதிரும். நாய் குரைப்பது போன்ற உரத்த இருமல் அதனால் எழுகிறது. வயது ஏற ஏற இது குறையும். தொற்று நோய் இல்லை. பக்கத்தில் உட்காருபவருக்கு ஒட்டாது.

உங்கள் வகுப்பிலேயே இப்படி ஒருவர் இருக்கலாம். மதிய உணவு மணி அடித்து எல்லோரும் விளையாடப் போன பிறகும், கவளத்துக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரைச் சீக்கிரம் சாப்பிடச் சொல்லாதீர்கள். உணவு சிக்கி அவர் திணறினால் முதலில் பேசச் சொல்லுங்கள். பேச முடிந்தால் மூச்சுக் குழல் திறந்திருக்கிறது. சிக்கியது உணவுக் குழலில். நிமிர்ந்து உட்கார்ந்து, பதறாமல் சிறிது சிறிதாகத் தண்ணீர் பருகினால் பெரும்பாலும் இறங்கிவிடும். தன் எச்சிலையே விழுங்க முடியாமல் வழியவிட்டால் தண்ணீர் கொடுக்கக்கூடாது. ஆசிரியரிடம் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அங்கே உள்நோக்கியால் எடுத்துவிடுவார்கள். பேச்சும் வராமல், இருமவும் முடியாமல், முகம் நீலமாக மாறினால் அது மூச்சுக் குழல் அடைப்பு. அப்போது ஒரு நொடியும் தாமதிக்காமல் பெரியவர்களைக் கூவி அழையுங்கள்.