தரவரிசை சொல்வதும் சொல்லாததும்

நுழையும்முன்

கடைத்தெருவில் எந்தக் கடையில் கூட்டம் மிகுதி என்பதைக் கண்ணால் கண்டறியலாம். இணையத்தில் அது இயலாது. எனவே, இணையதளங்களுக்கு வருவோரின் அளவை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் கருவிகள் தோன்றின. அவற்றுள் ஒன்றான அலெக்சாவின் வரலாறு, எண்களை எவ்வாறு படிக்கவேண்டும் என்பதைக் கற்பிக்கிறது.

தோற்றம்

1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் புரூஸ்டர் கேல், புரூஸ் கில்லியட் ஆகிய இருவரும் அலெக்சா இணைய நிறுவனத்தைத் தொடங்கினர். பண்டைய எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தை நினைவூட்டும் வகையில் இப்பெயர் அமைந்தது. 1999இல் அமேசான் நிறுவனம் இதனை விலைக்கு வாங்கியது.

அளந்த முறை

அலெக்சா தனது கருவிப்பட்டையை மக்களுக்கு இலவசமாக வழங்கியது. அதனை உலாவியில் நிறுவிக்கொண்டோர் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தனர் என்னும் செய்தி நிறுவனத்தைச் சென்றடைந்தது. ஒரு தளத்திற்கு வந்தவர்களின் எண்ணிக்கை, அவர்கள் பார்த்த பக்கங்களின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் மூன்று மாத அளவில் இணைத்துத் தரவரிசை கணிக்கப்பட்டது. எண் சிறிதானால் இடம் உயர்வு என்று பொருள். எத்தளத்தில் விளம்பரம் செய்வது, போட்டியாளரின் நிலை என்ன, விளம்பர இடத்திற்கு என்ன விலை கூறுவது என்பனவற்றை முடிவுசெய்ய வணிகர்கள் இவ்வரிசையை நாடினர்.

மாதிரியின் எல்லை

இக்கணிப்பு அனைவரையும் எண்ணியதன்று. ஒரு மாதிரியைக் கொண்டு செய்த மதிப்பீடே ஆகும். கருவிப்பட்டையை நிறுவாதோர் கணக்கில் இடம்பெறவில்லை. இணையத்தள உரிமையாளர்களும் சந்தைப்படுத்துவோரும் அதனை விரும்பி நிறுவியதால், அவர்கள் நாடும் தளங்கள் உள்ளதைவிட உயர்ந்து தோன்ற வாய்ப்பிருந்தது. சிறிய தளமொன்றின் உரிமையாளர் தம் தளத்தைத் தாமே நாள்தோறும் பார்த்தாலும் அதன் இடம் முன்னேறக்கூடும். ஒரு இலட்சத்திற்குக் கீழ்ப்பட்ட இடங்களை உறுதியானவையாகக் கொள்ளலாகாது என அந்நிறுவனமே அறிவுறுத்தியது. பிற வழிகளில் கிடைக்கும் தரவுகளையும் சேர்த்து, 2008இல் தன் கணிப்புமுறையையும் அது மாற்றியமைத்தது.

வருகையும் விற்பனையும்

பருத்தி ஆடைகளை இணையவழி விற்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் தளத்திற்கு நாள்தோறும் 1,000 பேர் வந்து, 5 பேர் வாங்குகின்றனர். மற்றவரின் தளத்திற்கு 200 பேர் வந்து, 20 பேர் வாங்குகின்றனர். வருகையை மட்டும் நோக்கினால் முதலாமவரே முன்னிற்பார். வணிகத்தில் வென்றவரோ இரண்டாமவர். வந்தவர் யார், எதைத் தேடி வந்தார், ஏன் வாங்காமல் திரும்பினார் என்பனவற்றைத் தரவரிசை சொல்வதில்லை. அவற்றுள் பலவற்றை அறிய, தம் தளத்தின் வழங்கிப் பதிவுகளும் 2005இல் அறிமுகமான கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகளும் துணைபுரியும். பிற தளங்களோடு தம் தளத்தை ஒப்பிடுவதற்குத் தரவரிசை உதவும். தம் வணிகத்தை அறிவதற்குத் தம் கணக்கேடே உதவும்.

2022ஆம் ஆண்டு மே முதல் நாளன்று அலெக்சாவின் தரவரிசைச் சேவை நிறுத்தப்பட்டது. அளவுகோல் மறைந்தாலும் அது விட்டுச்சென்ற பாடம் மறையவில்லை. ஓர் எண்ணைக் கண்டவுடன் அதனை நம்புவதற்கு முன், யாரை எண்ணினர், யாரை விட்டனர் என்று வினவுவதே அறிவுடைமை.

சிந்தனை வினா

உங்கள் பள்ளி நூலகத்தில் மாணவர் மிகுதியாக விரும்பும் நூலை அறிய, நூல் வழங்கும் பதிவேட்டை மட்டும் நம்பலாமா? காரணம் தந்து விளக்குக.