விழுந்தும் ஜெயித்த விமானம்

பிரியமானவர்களே, இந்த மாதப் பாடத்தை ஒரு கடன்காரரைக் கொண்டு ஆரம்பிக்கிறேன். கடன்காரர் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நானும் அந்த வழியாய் நடந்து வந்தவன்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், பால் மெக்கிரெடி என்று ஒருவர் இருந்தார். 1925-ல் பிறந்தவர். டாக்டர் பட்டம் வாங்கிய படிப்பாளி. 1956-ல் என்ஜின் இல்லாத கிளைடர் விமானங்களுக்கான உலகப் போட்டியில் முதலாவதாக வந்தவர். ஆனால் பாருங்கள், இவ்வளவு திறமை இருந்தும் ஒரு காரியத்தில் அகப்பட்டுக்கொண்டார். உறவினர் ஒருவர் தொழில் தொடங்க வாங்கிய கடனுக்கு ஜாமீன் நின்றார். தொழில் நொடித்துப்போனது. ஒரு லட்சம் டாலர் கடன் இவர் தலையில் வந்து விழுந்தது.

அந்த நாட்களில் இங்கிலாந்தில் ஒரு பரிசு யாரும் தொடாமல் கிடந்தது. ஹென்றி கிரெமர் என்ற தொழிலதிபர் 1959-ல் அறிவித்த பரிசு அது. மனுஷன் தன் சொந்த பலத்தால் மட்டும் ஒரு விமானத்தைப் பறக்க வைக்க வேண்டும். அரை மைல் இடைவெளியில் நிற்கும் இரண்டு கம்பங்களை எட்டு வடிவத்தில் சுற்றி வர வேண்டும். புறப்படும்போதும் முடிக்கும்போதும் பத்தடி உயரத்தைத் தாண்ட வேண்டும். 5,000 பவுண்டில் ஆரம்பித்த பரிசு 1973-ல் 50,000 பவுண்டாக உயர்ந்தது. அப்படியும் 1976 வரை ஒருவராலும் ஜெயிக்க முடியவில்லை.

ஐம்பதாயிரம் பவுண்டு என்றால் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். தன் கடனும் இந்தப் பரிசும் ஒரே அளவு என்பது மெக்கிரெடிக்குத் திடீரென்று உறைத்தது. அவர் என்ன செய்தார்? நாலு காரியங்களைக் கவனியுங்கள்.

1. கேள்வியை மாற்றிக் கேட்டார்

மற்றவர்கள் எல்லாரும் அழகான, வழுவழுப்பான, நேர்த்தியான விமானங்களைச் செய்தார்கள். படித்தவர்கள், அனுபவசாலிகள்தான். ஆனால் மெக்கிரெடி விடுமுறைப் பயணத்தில் வானத்தில் வட்டமிடும் பருந்துகளையும் கழுகுகளையும் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டார். எடையைக் கூட்டாமல் இறக்கையை மட்டும் பல மடங்கு பெரிதாக்கினால் என்ன? இறக்கை பெரிதானால் மெதுவாகப் பறந்தாலும் விழாது. மெதுவாகப் பறந்தால் தேவைப்படும் பலமும் குறையும். சைக்கிள் மிதிக்கிற ஒருவனுடைய காலில் உள்ள பலமே போதும்! “இன்னும் பலசாலி எங்கே கிடைப்பான்?” என்று அவர் தேடவில்லை. “இருக்கிற பலத்துக்கு ஏற்ற விமானம் எது?” என்று கேட்டார்.

அப்படி உருவானதுதான் காஸமர் காண்டர். இறக்கையின் நீளம் 96 அடி. எடையோ சுமார் 32 கிலோதான். ஒரு மூட்டை சிமெண்டைவிடக் குறைவு!

2. உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று செய்தார்

இதுதான் என் மனதைத் தொட்ட பாகம். மற்றவர்களுடைய விமானம் ஒருதரம் விழுந்து நொறுங்கினால், செப்பனிட மாதக்கணக்கில் ஆகும். அதனால் பறக்கவே பயந்து பயந்து பறந்தார்கள். மெக்கிரெடி மெல்லிய அலுமினியக் குழாய், கம்பி, பிளாஸ்டிக் தாள், ஒட்டும் டேப் இவற்றைக் கொண்டு செய்தார். பார்க்க அழகில்லை. ஆனால் விழுந்தால் சில மணி நேரத்தில் ஒட்டிக் கட்டி மறுபடியும் ஏற்றிவிடலாம். பிறர் ஒரு தவறிலிருந்து பாடம் படித்து முடிப்பதற்குள் இவர் பத்துத் தவறுகளிலிருந்து படித்துவிட்டார். விழவே கூடாது என்று இவர் விமானம் செய்யவில்லை. விழுந்தால் எழும்ப வேண்டும் என்று செய்தார். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

3. கடைசித் தடையில் நின்றுவிடவில்லை

நேராகப் பறந்தாயிற்று. ஆனால் திரும்ப வேண்டுமே! எட்டு போட வேண்டுமே! அங்கேதான் அந்தப் பெரிய இறக்கை மக்கர் பண்ணியது. “இவ்வளவு தூரம் வந்ததே போதும்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன்னால் இருந்த சிறிய இறக்கையைச் சரித்து, பெரிய இறக்கையைக் கம்பியால் இலேசாக முறுக்கி, திரும்பும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1977 ஆகஸ்டு 23-ம் தேதி, கலிபோர்னியாவில் ஷாஃப்டர் என்ற ஊரில், பிரையன் ஆலன் என்ற 24 வயது வாலிபர் மிதித்து எட்டு போட்டு முடித்தார். பதினெட்டு வருஷம் கிடந்த பரிசு, முயற்சி ஆரம்பித்த சுமார் ஒரு வருஷத்தில் கைக்கு வந்தது.

4. சோர்ந்துபோன வேளையில் கொஞ்சம் மேலே ஏறினார்

அடுத்த பரிசு 1,00,000 பவுண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள கால்வாயை மிதித்தே கடக்க வேண்டும். 1979 ஜூன் 12-ம் தேதி அதே ஆலன், காஸமர் ஆல்பட்ராஸ் என்ற விமானத்தில் புறப்பட்டார். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்தார்கள். எதிர்க்காற்று அடித்தது. குடிக்கத் தண்ணீர் தீர்ந்தது. ரேடியோவில் பேச முடியவில்லை. கால் பிடித்து இழுத்தது. இனி முடியாது என்று, படகில் கட்டி இழுக்கும்படி சைகை காட்டிவிட்டார். கயிறு மாட்டுவதற்காக விமானத்தைச் சற்று உயர்த்தினார். என்ன ஆச்சரியம்! அந்த உயரத்தில் காற்று அமைதியாய் இருந்தது. வேண்டாம், விடுங்கள் என்று கை காட்டிவிட்டு மறுபடியும் மிதித்தார். 2 மணி 49 நிமிஷத்தில் பிரான்சுக் கரையில் இறங்கினார். கைவிட்டுவிட்டேன் என்று சொன்ன இடத்துக்கும் ஜெயத்துக்கும் நடுவே இருந்தது சில அடி உயரந்தான்.

என் கதைக்கு வருகிறேன்

என் மைத்துனர் அச்சகம் வைக்க வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அச்சகம் மூடிப்போயிற்று. கடன் என் தையல் கடைக்கு வந்தது. அடகு வைக்க எங்கள் வீட்டில் நகை கிடையாது. நம் சபையாருக்கு அது தெரியும். “மொத்தத்தையும் எப்படிக் கட்டுவது?” என்று யோசித்து யோசித்து ராத்தூக்கம் போனது. மைத்துனரோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

ஒருநாள் பழைய புத்தகக் கடையில் இந்த மெக்கிரெடியைப் பற்றிப் படித்தேன். படித்ததும் கடன் குறையவில்லை. ஆனால் கேள்வி மாறியது. “இந்த வாரம் சின்னதாய் எதைச் செய்து பார்க்கலாம்? போனாலும் பெரிய நஷ்டம் வராதது எது?” முதலில் துணிப்பை தைத்தேன்; விற்கவில்லை. தலையணை உறை தைத்தேன், கூலிகூடத் தேறவில்லை. அப்புறம் என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். “வளருகிற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் புது யூனிபாரம் வாங்க எத்தனை பேருக்கு முடியும்? பழசைப் பிரித்து, பெரிதாக்கிக் கொடுங்களேன்” என்றாள். மே, ஜூன் மாதங்களில் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். கடன் தீர நாலு வருஷம் பிடித்தது. தீர்ந்த அன்று மைத்துனர் வீட்டுக்கு நானே போனேன். அவர் அழுதார், நானும் அழுதேன். உண்மையாகவே எனக்குக் கிடைத்த பந்தயப்பொருள் அதுதான்.

பிரியமானவர்களே, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து இந்த மூன்று கேள்விகளையும் பேசிப் பாருங்கள்:

இல்லாத பலத்தைத் தேடுகிறோமா, இருக்கிற பலத்துக்கு ஏற்ற வழியைத் தேடுகிறோமா?

நாம் செய்கிற காரியம் விழுந்தால், மறுநாளே எடுத்து ஒட்ட முடியுமா?

இன்றைக்குக் கைவிட நினைக்கிற காரியத்தில், இன்னும் ஒரு அடி ஏறிப் பார்த்தோமா?

மெக்கிரெடி 2007-ல் காலமானார். அந்த பிளாஸ்டிக் விமானம் வாஷிங்டன் விமான அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நொறுங்கி நொறுங்கி ஒட்டப்பட்ட விமானத்துக்கு அவ்வளவு மரியாதை! ஆகையால் விழுந்துபோனதை எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். எடுத்து ஒட்டுங்கள். மறுபடியும் மிதியுங்கள்.