பாட்டும் படமும்: இசைக்குழு நடத்தும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

டேவிட் பைர்ன் 1952இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் பிறந்தவர். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கனடாவுக்குப் போய், பிறகு அமெரிக்காவின் மேரிலாந்தில் குடியேறியது. ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியில் சேர்ந்தவர் ஓராண்டிலேயே படிப்பை விட்டார். அந்தக் கல்லூரி வழியாகப் பழக்கமான கிறிஸ் ஃபிரான்ட்ஸ் டிரம்ஸ் வாசிக்க, டினா வேமவுத் பேஸ் கிதார் வாசிக்க, பைர்ன் பாட, 1975இல் நியூயார்க்கில் உருவான குழுதான் டாக்கிங் ஹெட்ஸ். சிபிஜிபி என்ற சின்ன இடத்தில், ரமோன்ஸ் குழுவுக்கு முன்னதாக வாசித்தது அவர்களின் முதல் மேடை. 1977இல் ஜெரி ஹாரிசன் வந்து சேர, குழு நால்வரானது.

இசையையும் சினிமாவையும் சேர்த்தே செய்ய நினைக்கும் எந்த இளைஞரும் ஊன்றிப் படிக்க வேண்டிய வாழ்க்கை பைர்னுடையது. ஒவ்வொரு படத்திலும் எந்த வேலையைத் தான் செய்வது, எதை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது என்று அவர் தனித்தனியாக முடிவெடுத்தார். அந்த முடிவு பலித்த இடமும் உண்டு, இடறிய இடமும் உண்டு. இரண்டுமே பாடம்தான்.

சினிமாவுக்கான பயிற்சி அவருக்கு நான்கு நிமிட வீடியோக்களில் கிடைத்தது. 1981இல் டாக்கிங் ஹெட்ஸின் ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டுக்கு நடன அமைப்பாளர் டோனி பேசிலோடு சேர்ந்து அவர் வீடியோ இயக்கினார். அதற்காக இருவரும் பல நாட்டுச் சமயச் சடங்குகளின் பழைய படச்சுருள்களை, சாமி வந்து ஆடுபவர்களின் அசைவுகளை, போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். வீடியோவில் பைர்ன் துடிப்பதும் வளைவதும் அங்கிருந்து வந்தவை. செலவு குறைந்த, தோற்றாலும் பெரிய நட்டமில்லாத இந்த வடிவத்தில் கை பழகுவதே சரியான தொடக்கம். முழுநீளப் படத்துக்கு அவசரப்படும் இசைக்கலைஞர்கள் தாண்டிப்போய்விடும் படி இது.

அடுத்து வருவது ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் நடந்த டாக்கிங் ஹெட்ஸ் நிகழ்ச்சிகளை ஜொனதன் டெமி படமாக்கினார். சுமார் 12 லட்சம் டாலர் செலவு. பணத்தைத் திரட்டியது குழுவினரே. படம் 1984இல் வெளியானது. இசை நிகழ்ச்சிப் படங்களில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம்.

தொடக்கத்தில் திரையில் தெரிவது வெள்ளைக் காலணி போட்ட இரண்டு கால்கள். வெறும் மேடைக்குப் பைர்ன் தனியாக நடந்து வருகிறார். கையில் கிதார், இன்னொரு கையில் ஒரு டேப் ரெக்கார்டர். அதைத் தரையில் வைத்துத் தட்டிவிட்டுப் பாடத் தொடங்குகிறார். (தாளம் உண்மையில் வந்தது டிரம் மெஷினிலிருந்து, டேப் ரெக்கார்டர் காட்சிக்காக வைத்தது.) இரண்டாவது பாட்டுக்கு டினா வேமவுத் வருகிறார், மூன்றாவதுக்கு ஃபிரான்ட்ஸ், நான்காவதுக்கு ஹாரிசன். இதற்கிடையே கறுப்பு உடை அணிந்த மேடைப் பணியாளர்கள் பார்வையாளர் கண்முன்னே டிரம்ஸ் மேடையைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பிறகு பின்னணிப் பாடகிகள், தாளக்காரர், கீபோர்டு கலைஞர், இன்னொரு கிதார்க்காரர் என்று மேடை நிறைகிறது. ஒரு கச்சேரி எப்படிக் கட்டப்படுகிறது என்பதே படத்தின் கதையாகிவிடுகிறது.

இந்த மேடை அமைப்பு பைர்னுடையது. ஒரு பாட்டில் எந்த வாத்தியம் எப்போது நுழைய வேண்டும் என்று யோசித்துப் பழகியவருக்கு, ஒரு காட்சியில் எந்த ஆள் எப்போது நுழைய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. வண்ண விளக்குகளை அவர் ஒதுக்கினார். எல்லாம் வெள்ளை ஒளி. ‘கேர்ள்ஃபிரெண்ட் இஸ் பெட்டர்’ பாட்டில் அவர் அணியும் அந்த அகலமான கோட்டும் அவர் யோசனையே. ஜப்பானிய நோ நாடகத்தின் விறைப்பான உடைகளைப் பார்த்துத் தோன்றியது அது. உள்ளே ஒரு சட்டம் கட்டி அதன்மேல் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள்; உடல் பெரிதாகத் தெரிந்து தலை சிறுத்துப்போனது.

இத்தனையும் யோசித்தவர் கேமராவை மட்டும் டெமியிடம் விட்டுவிட்டார். ஒளிப்பதிவு ‘பிளேட் ரன்னர்’ படம் எடுத்த ஜோர்டன் குரோனன்வெத். நிகழ்ச்சிப் படம் என்றாலே கை தூக்கி ஆடும் கூட்டத்தை அடிக்கடி காட்டுவது வழக்கம். டெமி ஏறக்குறைய முடிவுவரை கூட்டத்தையே காட்டவில்லை. ஷாட்டுகளை அவசரமாக வெட்டவும் இல்லை. வாசிப்பவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதுகூடத் தெரியும்படி கேமரா நின்று பார்க்கிறது. மேடையை அறிந்தவர் மேடையையும், சட்டகத்தை அறிந்தவர் சட்டகத்தையும் பார்த்துக்கொண்டதால் அமைந்த படம் இது. இயக்குநர் என்ற பெயர் கிடைக்காதே என்று பைர்ன் நினைத்திருந்தால் இப்படி ஒன்று கிடைத்திருக்காது.

இரண்டே ஆண்டில் அவர் தானே இயக்குநரானார். 1986இல் வந்த ‘ட்ரூ ஸ்டோரீஸ்’ டெக்சஸில் வெர்ஜில் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. பரபரப்புப் பத்திரிகைகளில் வந்த விசித்திரச் செய்திகளை வெட்டி வைத்திருந்தார். சுவர் முழுக்கத் தான் வரைந்த படங்களை ஒட்டியிருந்தார். அவற்றிலிருந்துதான் படம் பிறந்தது. கதை பிறகு வந்தது. திரைக்கதையில் பெத் ஹென்லியும் ஸ்டீபன் டோபலாவ்ஸ்கியும் உடனிருந்தார்கள். எட் லாக்மன் ஒளிப்பதிவு. கவ்பாய் தொப்பியோடு சிவப்புக் காரில் ஊரைச் சுற்றிக்காட்டும் கதைசொல்லி பைர்னே. ஒரு காட்சியில் ஊர்ப் பிரமுகராக வரும் ஸ்பால்டிங் கிரே, சாப்பாட்டு மேசையில் இருக்கும் காய்களை நகர்த்தி நகர்த்தியே ஊரின் பொருளாதாரத்தை விளக்குகிறார். இன்று பார்த்தாலும் புதிதாக இருக்கும் காட்சி.

படம் ஓடவில்லை. கதை ஓட்டத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது துண்டுதுண்டாகப் பட்டது. பாட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. படத்தில் பெரும்பாலான பாட்டுகளைக் கதைமாந்தர்களே பாடுகிறார்கள். மனைவி தேடும் தொழிலாளியாக வரும் ஜான் குட்மன் தன் குரலிலேயே பாடுகிறார், பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் பாடுகிறார். ஆனால் கடைக்கு வந்த ஆல்பத்தில் அதே பாட்டுகளைப் பைர்ன் பாட, டாக்கிங் ஹெட்ஸ் வாசித்திருந்தது. ஒரு பாத்திரத்துக்காக எழுதிய பாட்டு, பாத்திரம் இல்லாமல் குழுவின் பெயரில் வரும்போது பாதி உயிரை இழக்கிறது. படத்தின் முழு இசைத்தொகுப்பு 2018இல்தான் வெளிவந்தது. படத்துக்குப் பாட்டு எழுதும் முன்பே, அது யார் குரலில் வெளியாகும், பதிவு உரிமை யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

பெர்னார்டோ பெர்த்தோலூச்சியின் ‘தி லாஸ்ட் எம்பரர்’ படத்துக்கு ரியூச்சி சகமோட்டோ, சொங் சூ ஆகியோரோடு இசையமைத்ததற்காக 1988இல் ஆஸ்கார் வந்தது. அங்கே அவர் மூவரில் ஒருவர், இன்னொருவர் படத்துக்கு வேலை செய்தவர். 1989இல் பிரேசிலின் பஹியாவில் கந்தோம்ப்ளே சமயத்தைப் பற்றி ‘இலே ஐயே’ என்ற ஆவணப்படம் எடுத்தார்.

இப்படிப் பல வேலைகளில் பரவியதற்கு ஒரு விலையும் இருந்தது, அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1984 தொடக்கத்துக்குப் பிறகு டாக்கிங் ஹெட்ஸ் சுற்றுப்பயணம் போகவே இல்லை. பைர்னின் தனி வேலைகள் பெருகப் பெருக மற்ற மூவரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1991இல் குழு கலைந்த சேதி தங்களுக்குப் பத்திரிகை வழியாகத்தான் தெரிந்தது என்று அவர்கள் சொன்னார்கள். பிரிவைக் கையாண்ட விதத்துக்காகப் பைர்ன் பின்னாளில் வருத்தம் தெரிவித்தார். குழுவில் ஒருவர் சினிமாவுக்குப் போக நினைத்தால், எத்தனை மாதம், யாருடைய பணம், குழு அதுவரை என்ன செய்யும் என்பதை எல்லாரும் உட்கார்ந்து முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டும். கூடவே வாசித்தவர்களுக்கு அந்த மரியாதை உண்டு.

2020இல் வந்த ‘அமெரிக்கன் யுடோப்பியா’வில் பைர்ன், மேடை தன்னிடம், கேமரா இன்னொருவரிடம் என்ற பழைய பாடத்துக்கே திரும்பினார். பிராட்வேயில் ஓடிய நிகழ்ச்சியை ஸ்பைக் லீ படமாக்கினார். கேமரா எலன் கூராஸ். மேடையில் வயரோ ஆம்ப்ளிஃபையரோ இல்லை. மூன்று பக்கமும் சங்கிலித் திரை. எல்லாரும் சாம்பல் நிறக் கோட்டில், வெறுங்காலில். ஒருவர் உட்கார்ந்து வாசிக்கும் டிரம்ஸ் தொகுதியைப் பிரித்து ஆறு பேர் உடலில் மாட்டிக்கொண்டு நடந்தபடி வாசிக்கிறார்கள். ஆனி-பி பார்சன் அமைத்த அசைவுகளைக் கேமரா சில நேரம் உச்சியிலிருந்து பார்க்கிறது.

இந்தப் படங்களைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’; அதன் முதல் நான்கு பாட்டுகளைச் சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு முறை. யார் எப்போது சட்டகத்துக்குள் வருகிறார், கேமரா எவ்வளவு நேரம் ஒரு முகத்தில் நிற்கிறது என்று மட்டும் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. பிறகு ‘அமெரிக்கன் யுடோப்பியா’வை அதே முறையில். ‘ட்ரூ ஸ்டோரீஸ்’ கடைசியில். முதல் திரைக்கதையை எழுத உட்காருவதற்கு முந்தைய வாரம் அதற்குச் சரியான நேரம்.

அன்புடன்,
அண்ணன்