இரண்டு கேபிள், ஒரே வேகம்

சர்வர் அறைகளில் வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. ஒரு ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு இரண்டைச் சேர்த்துக் கட்டினால் வேகம் இரட்டிப்பாகும் என்பது அது. திரையும் இதற்கு ஒத்து ஊதுகிறது. விண்டோஸ் சர்வரில் டீமிங் செய்து முடித்ததும் வேகம் 2 ஜிபிபிஎஸ் என்றுதான் காட்டும். ஆனால் 100 ஜிபி பேக்கப் கோப்பு ஒன்றை ஒரே டிசிபி இணைப்பில் அனுப்பிப் பாருங்கள். ஒற்றைக் கார்டில் சுமார் 14 நிமிடம் பிடித்தது, சேர்த்துக் கட்டிய பிறகும் அதே 14 நிமிடம் பிடிக்கும்.

இது பழுதல்ல, வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு. கேபிள்களைச் சேர்ப்பதற்கான தர விதி 2000-இல் 802.3ஏடி என்ற பெயரில் வந்தது, 2008-இல் 802.1ஏஎக்ஸ் ஆனது. ஒரே உரையாடலைச் சேர்ந்த ஃபிரேம்கள் வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதில் அது கறாராக இருக்கிறது. ஒன்றை இந்தக் கேபிளிலும் அடுத்ததை அந்தக் கேபிளிலும் அனுப்பினால் பின்னது முந்திக்கொள்ளலாம். முன்னது தொலைந்துவிட்டதாக டிசிபி கருதி மறுபடி அனுப்பச் சொல்லும். வேகம் கூடுவதற்குப் பதில் குறையும். லினக்ஸில் கார்டுகளைச் சேர்க்கும் பாண்டிங்கில், ஃபிரேம்களை மாறி மாறி அனுப்பும் 'பேலன்ஸ்-ஆர்ஆர்' முறையை ஆசையோடு தேர்ந்தெடுப்பவர்கள் சந்திப்பது இதைத்தான். மற்ற முறைகள் பெரும்பாலும் முகவரிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு, உரையாடலுக்கு ஒரு கேபிள் என்று ஒதுக்கிவிடுகின்றன. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கோப்பு கேட்டால் சுமை இரண்டிலும் பரவும். ஒருவர் மட்டும் கேட்டால் ஒரு கேபிள் சும்மாதான் இருக்கும்.

அந்தக் கணக்கைப் பலர் கவனிப்பதே இல்லை. லினக்ஸில் அந்தத் தர விதியின் எல்ஏசிபி நெறிமுறையோடு பாண்டிங் அமைத்தால், இயல்பாக வருவது 'லேயர் 2' கணக்கு. அது பார்ப்பது முக்கியமாக மேக் முகவரிகளை. பயனர்கள் எல்லோரும் ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தால், சர்வருக்குத் தெரியும் மேக் முகவரி ரவுட்டருடையது ஒன்றே. ஆயிரம் பேருக்கான பதிலும் ஒரே கேபிளில் முண்டியடிக்கும். ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்க்கும் 'லேயர் 3+4' கணக்குக்கு மாற்றினால் தீரும். அதுவும் வெளியே போகும் போக்குவரத்துக்கு மட்டும்தான். உள்ளே வருவது எந்தக் கேபிளில் வர வேண்டும் என்பதை எதிர்முனையில் உள்ள சுவிட்ச்தான் முடிவு செய்கிறது. அதன் அமைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எல்ஏசிபி இல்லாத டீமிங் அரைகுறை என்று நினைப்பவர்களும் உண்டு. ஹைப்பர்-வி ஓடும் சர்வர்களைப் பொறுத்தவரை இது தவறு. 2016 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த 'சுவிட்ச் எம்பெடட் டீமிங்'கில் எல்ஏசிபியே கிடையாது. ஒரே வகை, ஒரே வேகக் கார்டுகள் எட்டு வரை விர்ச்சுவல் சுவிட்சுக்குள்ளேயே சேர்கின்றன. 2012-இல் வந்த பழைய டீமிங்கின் மேல் ஹைப்பர்-வி சுவிட்சை அமைப்பதை 2022 பதிப்பு இயல்பாகவே தடுத்துவிடுகிறது. புதிய முறையில் கேபிள்களைத் தனித்தனி சுவிட்சுகளில் சொருகலாம், சுவிட்ச் ஒன்று செத்தாலும் சர்வர் பிழைக்கும். எல்ஏசிபியில் இதைச் செய்ய அந்த இரண்டு சுவிட்சுகளும் ஒன்றாக நடிக்கத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். 'ஹைப்பர்-வி போர்ட்' முறையில் ஒவ்வொரு விர்ச்சுவல் கார்டும் ஒரு நிஜக் கார்டோடு பிணைக்கப்படும். ஆகவே ஒரே விர்ச்சுவல் கார்டு உள்ள விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு கார்டின் வேகமே உச்சவரம்பு.

விர்ச்சுவல் மெஷினுக்குள் தெரியும் 10 ஜிபிபிஎஸ் என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். விஎம்வேரின் விஎம்எக்ஸ்நெட்3 கார்டு காட்டும் அந்த எண் வெறும் பெயர்ப்பலகை. ஒரே சர்வரில், ஒரே விர்ச்சுவல் சுவிட்சில், ஒரே விலானில் இருக்கும் இரண்டு மெஷின்கள் பேசிக்கொள்ளும்போது தரவு நிஜக் கார்டைத் தொடுவதேயில்லை. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பவை சிபியுவும் நினைவகமும்.

ஒற்றைப் பரிமாற்றம் நிஜமாகவே வேகமாக வேண்டுமென்றால் வழி வேறு. ஐஸ்கஸி சேமிப்பகத்துக்கு ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஐபி கொடுத்து மல்ட்டிபாத் அமையுங்கள். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பி 3.0-இன் மல்ட்டிசேனல் இருக்கிறது. இல்லையென்றால் 10 ஜிகாபிட் கார்டே வாங்கிவிடலாம்.

என்னை மிகவும் கவலைப்படுத்தும் நம்பிக்கை கடைசியாக வருகிறது. இரண்டு கேபிள் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது தானாகத் தாங்கும் என்பது. லினக்ஸ் பாண்டிங் டிரைவரில் இணைப்பைக் கண்காணிக்கும் 'எம்ஐஐமான்' மதிப்பு சில முறைகளில் இயல்பாகப் பூஜ்யம். அதாவது கண்காணிப்பே இல்லை. ஒன்று ஓட மற்றது காத்திருக்கும் 'ஆக்டிவ்-பேக்கப்' முறையில் இதை அப்படியே விட்டால், ஓடும் கேபிள் அறுந்தது பாண்டிங்குக்குத் தெரியாது. காத்திருக்கும் கார்டு காத்துக்கொண்டே இருக்கும். 100 மில்லிவிநாடி என்று வைப்பது வழக்கம். அப்போதும் அது பார்ப்பது பக்கத்துச் சுவிட்ச் வரையிலான இணைப்பை மட்டுமே. அதற்கு அப்பால் அறுந்தால் விளக்கு பச்சையாகவே எரியும். அதைக் கண்டுபிடிக்க ஏஆர்பி கண்காணிப்பு வேண்டும்.

எனவே சர்வரைப் பயன்பாட்டுக்கு விடும் முன் பிங் ஓடவிட்டு ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிச் சோதியுங்கள். பிறகு சுவிட்சிலிருந்து மேலே போகும் கேபிளையும் பிடுங்குங்கள்.