சுடுநீர் டிஸ்பென்ஸரில் சென்சார் கோளாறு: போர்டை மாற்றச் சம்மதிக்கும் முன்



மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். தராசு பொய் சொன்னால் நாணயமான வியாபாரிக்கும் கெட்ட பெயர் வந்துவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. அதே கடையின் மூலையில் நிற்கும் வாட்டர் டிஸ்பென்ஸரை யாரும் சோதிப்பதில்லை. மேலே சுடுநீர், சாதாநீர், குளிர்நீர் என மூன்று குழாய். கீழே சிறிய ஃப்ரிட்ஜ். இன்று பல கடைகளில் இது இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு தராசு உண்டு. சூட்டை நிறுக்கும் தராசு. அதன் பெயர் சென்சார். அது பொய் சொன்னால் கீழே வைத்த தயிர் புளிக்கும், அல்லது சுடுநீர் கொதித்துக் கையைச் சுடும், அல்லது கரண்ட் பில் ஏறும். இவற்றுக்கு மேல் ஒரு நஷ்டம்: சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய பழுதுக்குப் பல ஆயிரம் ரூபாய் போர்டு மாற்றுவது.

சென்சார் எப்படி வேலை செய்கிறது?

இரண்டு வகை உண்டு. முதல் வகை, சுடுநீர்த் தொட்டியின் வெளிப்புறம் ஒட்டியிருக்கும் காசு அளவு வட்டத் துண்டு. இதைத் தெர்மோஸ்டாட் என்பார்கள். சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். ஆறியதும் தானே சேர்த்துவிடும். பெரும்பாலும் 85 முதல் 90 டிகிரியில் நிறுத்தும். பக்கத்திலேயே இன்னொரு வட்டத் துண்டு நடுவில் சிறு பொத்தானுடன் இருக்கும். அது காவல்காரன். முதலாவது தவறினால், சுமார் 95 டிகிரியில் இது மின்சாரத்தை அறுத்துவிடும். பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும்.

இரண்டாம் வகை, டிகிரியை எண்ணில் காட்டும் இயந்திரங்களில் உள்ள தெர்மிஸ்டர். மெல்லிய இரண்டு வயரின் நுனியில் மிளகு போல் ஒரு மணி. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். குளிரக் குளிரக் கூடும். போர்டு அந்தத் தடையைப் படித்துத்தான் டிகிரி சொல்கிறது. ஆகவே போர்டுக்குத் தெரிவது தண்ணீரின் சூடு அல்ல, வயர் வழியாக வரும் ஓம் கணக்கு மட்டுமே.

எந்த அறிகுறிக்கு எந்தக் காரணம்?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுது நமக்கே விளங்கும்.

1. வயர் அறுந்தாலோ, கனெக்டரில் களிம்பு பிடித்தாலோ தடை கூடும். போர்டு "மிகவும் குளிர்ச்சி" என்று நினைக்கும். சுடுநீர்ப் பக்கம் அளவுக்கு மேல் சூடாகும். குளிர்ப் பக்கம் கம்ப்ரஸர் ஓடாது. நல்ல போர்டாக இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திப் பிழை எண் காட்டும்.

2. கனெக்டரில் ஈரம் இறங்கினாலோ, வயர்கள் ஒன்றோடொன்று உரசி ஒட்டினாலோ தடை குறையும். போர்டு "சூடாக இருக்கிறது" என்று நினைக்கும். சுடுநீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும்; குளிர்ப் பக்கம் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிப் பனி கட்டும்.

3. உப்புத் தண்ணீர் ஊற்றும் கடைகளில் தொட்டிக்குள் உப்பு படியும். அப்போது சென்சார் நல்லதாக இருந்தாலும், அது காணும் சூடும் தண்ணீரின் உண்மைச் சூடும் வேறாகிவிடும். இங்கே தேவை சென்சார் மாற்றம் அல்ல, தொட்டியைச் சுத்தம் செய்வது.

பிழை எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றில் சுடுநீர்ப் பக்கத்தைக் குறிக்கும் எண், வேறொன்றில் குளிர்ப் பக்கத்தைக் குறிக்கலாம். இயந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் பஜாரில் ஒரு மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். டிஸ்பென்ஸர் இரவு பகலாக ஓடியது. எண் 14 டிகிரி காட்டியது. உள்ளே வைத்த தெர்மாமீட்டரோ 2 காட்டியது. வந்த மெக்கானிக் போர்டு போய்விட்டது என்றார். கடைக்காரர் விடவில்லை, கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொன்னார். சொட்டுத் தட்டில் நிரம்பி வழிந்த தண்ணீர் அதற்குள் இறங்கியிருந்தது. துடைத்துக் காயவைத்து மாட்டியதும் இரண்டு கணக்கும் ஒத்து வந்தன.

நாமே பார்க்கக்கூடியவை

உறைக்குள் கை வைக்காமலே மூன்று சோதனை செய்யலாம்.

முதலாவது, தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். நொறுக்கிய ஐஸில் சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் வையுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். அதன் பிறகே அதை நம்பலாம். கீழ்ப் பெட்டிக்குள் ஒரு தம்ளர் தண்ணீரில் அதை வைத்துச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். பால், தயிர் வைப்பதானால் 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது.

இரண்டாவது, சுடுநீரைப் பிடித்து உடனே அளந்து பாருங்கள். உதகை போன்ற மலையூர்களில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே 95 வரவில்லை என்று பழுது தேட வேண்டாம்.

மூன்றாவது, சொட்டுத் தட்டு நிரம்பியிருக்கிறதா, பின்புறம் ஈரம் கசிகிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அரிசி மூட்டை உள்ள கடையில் எலியை மறக்கக்கூடாது.

மெக்கானிக் வந்ததும்

உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள். வெளி ஆள் திறந்தால் உத்தரவாதம் போகும். காலம் முடிந்திருந்தால் பக்கத்தில் நின்று இந்த வரிசைப்படி செய்யச் சொல்லுங்கள். பிளக்கை எடுத்து, சுடுநீர் ஆறிய பிறகு, முதலில் கனெக்டர், அடுத்து வயர், அடுத்து சென்சார், கடைசியில் போர்டு.

சென்சாரைச் சோதிக்க மல்டிமீட்டரும் ஐஸும் போதும். கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் காட்டும். ஐஸ் தண்ணீரில் வைத்தால் 27 ஆயிரம் முதல் 33 ஆயிரம் வரை ஏறும். 5 ஆயிரம் ஓம் வகையும் உண்டு. எதுவானாலும் ஐஸில் ஏறக்குறைய மூன்று மடங்காக ஏற வேண்டும். சுடுநீரில் சீராக இறங்க வேண்டும். முள் அசையாமல் நின்றாலோ, எண் துள்ளிக் குதித்தாலோ சென்சார் கெட்டது. கணக்குச் சரியாக வந்தால் சென்சார் நல்லது. அப்போது போர்டைச் சந்தேகிக்கலாம். புதிய சென்சார் வாங்கும்போது பழையதன் அதே ஓம் வகையாக இருக்க வேண்டும். வகை மாறினால் கள்ள எடைக்கல் வைத்த கதைதான்.

ஒருபோதும் கூடாதவை

தெர்மோஸ்டாட் கெட்டால் சிலர் இரண்டு வயரையும் முறுக்கி "டைரக்ட்" கொடுத்துவிடுகிறார்கள். இதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கல்லாவைத் திறந்து வைப்பது போன்றது இது. தொட்டி ஓயாமல் கொதிக்கும்; தண்ணீர் வற்றினால் தீப்பிடிக்கும். கேட்டுப் போவது காசு மட்டுமல்ல, கடைப் பையனின் கையும் கடையும்தான்.

காவல் பொத்தான் ஒருமுறை விழுந்தால், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து அழுத்தச் சொல்லலாம். மறுபடி விழுந்தால் அழுத்துவதை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். தண்ணீர் நிரப்பிக் குழாயில் வரும்வரை சுடுநீர் சுவிட்சைப் போடக்கூடாது. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டவே கூடாது.

மாதம் ஒருமுறை, சரக்கு இருப்பு எடுக்கும் நாளிலேயே தெர்மாமீட்டர் கணக்கையும் குறித்து வையுங்கள். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால், பழுது பார்க்க வருபவர் என்ன சொன்னாலும் நாம் கணக்கோடு பதில் பேசலாம். கணக்கு வைத்திருப்பவனை ஏமாற்றுவது கடினம் என்பது நம் தொழிலுக்குப் புதிய பாடம் அல்லவே.